கீழே, வலது மூலை

மருத்துவமனையில் அவனை எல்லாரும் 'எக்ஸ்பர்ட்' என்றுதான் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் கிண்டலாகவும் பாதிப் பேர் மெய்யாகவும் கூப்பிட்டார்கள். யார் எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க அவன் ஒருநாளும் முயன்றதில்லை. எல்லாவற்றையும் மெய்யென்றே வரவு வைத்துக்கொண்டான். உண்மையில் அவன் பதிவறை எழுத்தர். நோயாளிகளின் பழைய கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை எண் பார்த்து அடுக்குவதும்தான் வேலை. என்றோ ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவி எடுத்துவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எந்தத் திரை இருண்டாலும் பதிவறைக்குத்தான் ஆள் வரும்.

தெரியாது என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. தெரியாததைக் கதவைச் சாத்திக்கொண்டு இணையத்தில் தேடி, அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வெளியே வந்து, பிறந்ததிலிருந்தே தெரிந்தவன்போலச் செய்வான். இந்தக் குணம் பல இடங்களில் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் அது கெட்ட குணம் என்று அவனுக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை.

அவனுக்கு ஒரு அக்கா. ஆறு வயது மூத்தவள். பிறவியிலேயே காது கேளாது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மாலையில் காது கேளாதோர் சங்கத்தில் சைகை மொழி வகுப்பு எடுப்பாள். அவள் பேசும் மொழி தம்பிக்கு வராது. சாப்பிட்டாயா, வா, போ, காய்ச்சல், அம்மா என்று மிஞ்சிப்போனால் இருபது சைகை தெரியும். மற்றதற்கெல்லாம் போனில் செய்தி அனுப்பிக்கொள்வார்கள். இருபதில் ஒன்று அவனுடைய பெயர். சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனவள் அவள்தான். பேசுவதற்கு அவளுக்குக் கை வேண்டுமே. அதனால் முழுக் கையையும் கொடுக்காமல் இடது சுண்டுவிரலை மட்டும் அவனிடம் கொடுத்துவிடுவாள். அவனும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடப்பான். அதுவே அவன் பெயராகிவிட்டது. வலது கையால் இடது சுண்டுவிரலைப் பிடித்தால் அவள் கணக்கில் 'தம்பி'.

மருத்துவமனையில் ஒரு வீடியோ எடுத்தார்கள். போன வருஷம் காது கேளாத அம்மா ஒருவர் அறுவைச் சிகிச்சை அன்று காலையில் டீ குடித்துவிட்டு வந்து மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று முறையும் நர்ஸ் வாயால்தான் சொல்லியிருந்தார், அதுவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு. பெரிய டாக்டர் இதைக் கேள்விப்பட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சிகிச்சைக்கு முன்னால் என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை எட்டு நிமிஷத்தில் அவரே சொல்வது, பக்கத்தில் ஒருவர் சைகையில் சொல்வது, அதைக் காத்திருப்புக் கூடத்து டிவியில் நாள் முழுக்க ஓடவிடுவது என்று முடிவாயிற்று. சைகைக்கு யார் என்று பேச்சு வந்தபோது, "என் அக்கா இருக்காங்களே" என்று முந்திக்கொண்டு சொன்னவன் எக்ஸ்பர்ட்தான்.

அக்கா அதற்கு மூன்று வாரம் தயார் செய்தாள். சங்கத்து ஆட்களை உட்காரவைத்து, எந்தச் சைகை படிக்காதவர்களுக்கும் புரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மாற்றினாள். கண்ணாடிக் கடையில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்து, வெறும் கறுப்புச் சட்டையில் நின்று, ஒரே மூச்சில் செய்து கொடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக் கேட்கப்போகிறார்கள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத் தம்பிக்கும் பெருமையாக இருந்தது. பெருமையில் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டான்.

வீடியோக்காரர் புதன்கிழமை கோப்பைக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால், 'இந்த வகைக் கோப்பு இயங்காது' என்று ஒரு வரி வந்து நின்றது. டிவிக்கு வேறு ஃபார்மட் வேண்டும். வீடியோக்காரர் போனை எடுக்கவேயில்லை.

"எக்ஸ்பர்ட் சார், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார். முடியுமா?" என்று தலைமை நர்ஸ் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், கன்வெர்ட் பண்ணணும். அவ்ளோதான்."

எதால் கன்வெர்ட் பண்ணுவது என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தெரியாது. மென்பொருள் வாங்குவதென்றால் விண்ணப்பம் எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அதில் ஒருவர் விடுமுறையில் இருக்கிறார். பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'இலவச வீடியோ கன்வெர்ட்டர்' என்று தட்டினான்.

இலவசம் என்ற சொல்லுக்கு எத்தனை வேஷம் உண்டென்று அந்த இரண்டு நாளில் அவன் பார்த்தான். முதல் பக்கத்தில் 'டவுன்லோட்' என்று ஐந்து பச்சைப் பொத்தான்கள். நாலு போலி, ஐந்தாவது வேறெதையோ இறக்கியது. இரண்டாவது மென்பொருள் கேட்காமலே ஒரு புது பிரவுசரையும் கூட்டிவந்து குடிவைத்தது. அதோடு வந்த இன்னொன்று 'உங்கள் கணினியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள்' என்று சிவப்பாகக் கூச்சல் போட ஆரம்பித்தது. மூன்றாவது நல்லபிள்ளையாக வேலை செய்தது, ஆனால் இலவசத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மாற்றுமாம். பெரிய டாக்டர், "அன்று காலையில் தண்ணீர்" என்று வாயைத் திறந்தபடி நின்றுபோனார். தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பது வாங்கினால்தான் தெரியும். நாலாவது இணையத்திலேயே மாற்றித் தரும் என்றது; கோப்பு பெரிது என்று பாதி வழியில் கைவிரித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "டிவில ஓடலன்னு சிஸ்டர் சொன்னாங்க. கன்வெர்ட் பண்ணணுமா? நான் பண்ணித் தரவா?"

அவன் ஒரு கட்டைவிரலை அனுப்பி, "நான் பாத்துக்கறேன்" என்று எழுதினான். அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று யோசிக்கக்கூட இல்லை. சங்கத்துக்காரர்கள் கடிதம் எழுதுவது, சண்டை போடுவது, வம்பளப்பது எல்லாமே வீடியோவில்தான். மற்றவர்கள் பேனாவைப் பிடிக்கிறமாதிரி அவர்கள் வீடியோவைப் பிடிப்பார்கள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் மனத்தில் அக்கா உதவி செய்யப்பட வேண்டிய ஆள். உதவி செய்கிற ஆள் இவன். அந்த வரிசையை மாற்றிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஐந்தாவது மென்பொருள் கிடைத்தது. முழுதாக மாற்றும், வேகமாக மாற்றும். ஒரே ஒரு நிபந்தனை: இலவசப் பதிப்பென்றால் தன் பெயரை ஊதா நிறப் பெட்டியில் எழுதி வீடியோவின் ஒரு மூலையில் ஒட்டிவிடும். எந்த மூலை என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று பணிவாகக் கேட்டது.

அவன் நாலு மூலையையும் பார்த்தான். மேலே இடதுபக்கம் மருத்துவமனையின் பெயரும் சின்னமும். மேலே வலதுபக்கம் அவசரத் தொலைபேசி எண். கீழே இடதுபக்கம் பெரிய டாக்டரின் பெயர், அதன் பின்னால் ரயில் பெட்டிகள்போல அவருடைய பட்டங்கள். கீழே வலதுபக்கம், ஒரு வட்டத்துக்குள், அக்கா.

மணி மூன்று நாற்பது. சுட்டியை ஒவ்வொரு மூலையாகக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தான். டாக்டர் பட்டத்தின்மேல் பெட்டி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் சுட்டியை அங்கிருந்து இழுத்துக்கொண்டான். சின்னத்தை மறைத்தால் மேலிடத்துக்குப் போகும். எண்ணை மறைக்கவே கூடாது. கீழே வலதுபக்கம் வைத்துப் பார்த்தான். பெட்டி வட்டத்தின் கீழ்ப்பாதியை மூடியது. மேலே அக்காவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. முகம்தான் நன்றாகத் தெரிகிறதே என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கை தெரியவில்லை என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். சுட்டியை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி விரல் தயங்கியது, அந்தத் தயக்கமே சாட்சி. அக்காதானே, சொன்னால் புரிந்துகொள்வாள், திங்கட்கிழமைக்குள் வேறு மென்பொருள் கிடைத்துவிடும் என்று சப்பைக்கட்டு கட்டினான். மற்ற மூன்று மூலைக்கும் கேள்வி கேட்க ஆள் இருந்தது. நாலாவது மூலைக்காரிதான் சத்தம் போடமாட்டாள். அழுத்திவிட்டான்.

நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். தன் குரல் தெளிவாக இருக்கிறதென்று திருப்திப்பட்டார். தலைமை நர்ஸ் கைதட்டினார். ஊதாப் பெட்டியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை முழுக்க, சனிக்கிழமை முழுக்க அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்களில் யாருக்குமே அங்கே என்ன இல்லை என்று தோன்றவில்லை.

சனிக்கிழமை அக்கா கேட்டாள்: "டிவில வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. சூப்பரா இருக்கு."

"சங்கத்துல ஆறு பேர் பாக்கணும்ங்கறாங்க. தாடிக்காரருக்கு வர புதன்கிழமை உங்க ஆஸ்பத்திரியிலதான் ஆபரேஷன். திங்கட்கிழமை கூட்டிட்டு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கணினியில் இன்னும் மூன்று மென்பொருளை இறக்கினான், மூன்றும் ஒவ்வொரு விதத்தில் காலை வாரின. திங்கள் சாயங்காலம்தானே வருவார்கள், பகலில் எதையாவது செய்துவிடலாம் என்று நினைத்தான். அவர்கள் காலை ஒன்பதே காலுக்கே வந்துவிட்டார்கள், கடை திறப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

பதிவறைக் கதவிடுக்கு வழியாக அவன் பார்த்தான். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். ஆறு பேரும் முதல் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் தாடிக்காரர், தச்சுவேலை செய்பவர், கையில் நகக்கண்வரை மரத்தூள். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும் அவருக்கு. வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அக்கா திரையைக் கைகாட்டிவிட்டு, சிரித்தபடி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை அல்ல, அவர்கள் முகத்தை.

ஆறு முகங்களும் முன்னால் குனிந்தன. ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாடிக்காரர் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, அக்காவிடம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் கேட்டது என்னவென்று தம்பிக்குத் தெரியாது. ஆனால் இரண்டு கையையும் விரித்த அந்த விரிப்புக்குப் படிப்பு தேவையில்லை. அப்போதுதான் அக்கா திரும்பித் திரையைப் பார்த்தாள்.

வட்டத்துக்குள் அவளுடைய தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. புருவம் ஏறி இறங்கியது, உதடு அசைந்தது. கழுத்துக்குக் கீழே ஊதாப் பெட்டி.

மின்சார பிரேக்கரை அணைத்து டிவியை நிறுத்திவிடலாமா என்று ஒரு கேவலமான யோசனை வந்தது. அதற்குள் அக்கா போனை எடுப்பதையும், தன் போன் அதிர்வதையும் பார்த்தான்.

"என்னடா இது?"

அவன் எழுதினான், யோசிக்காமலே எழுதினான்: "டிவி கம்பெனி லோகோ அக்கா அது. எல்லா வீடியோவுக்கும் வருது."

கூடத்தில் அக்கா அதைப் படித்தாள். பிறகு திரையைப் படித்தாள். பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் மென்பொருளின் பெயரும், அதன்கீழ் 'இலவசப் பதிப்பு' என்றும் எழுதியிருந்தது. அவள் தலையைத் திருப்பிப் பதிவறைக் கதவை நேராகப் பார்த்தாள். இடுக்கில் நிற்பவன் தெரிந்தான்போல.

"இத நாங்களும் சங்கத்துல போட்டுப் பாத்துருக்கோம். எந்த மூலைன்னு கேக்குமே. கேட்டுச்சா?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. "கேட்டுச்சு" என்று அனுப்பினான்.

"மத்த மூணு மூலைலயும் யாரு இருந்தாங்க?"

இதற்கு அவன் பதில் எழுதவில்லை. எழுதாததே பதிலாகப் போய்ச் சேர்ந்தது. அக்கா போனைப் பைக்குள் போட்டாள். கூனிக்குறுகிப் போவது என்று சொல்வார்களே, அது பேச்சுக்குச் சொல்வதல்ல என்று அவனுக்கு அப்போது புரிந்தது. முதுகு தானாகவே வளைந்தது.

அவள் கத்தியிருக்கலாம். கத்துவதற்கு அவளுக்கும் குரல் உண்டு, கோபம் வந்தால் தெருவே திரும்பும். அதைச் செய்யவில்லை. வீடியோ மறுபடி முதலுக்கு வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் எழுந்துபோய், டிவிக்குக் கீழே, வலதுபக்கம், சுவரோடு ஒட்டி நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பெரிய டாக்டர் வாயைத் திறந்தார், அவள் கையைத் தூக்கினாள்.

அவளுக்கு அவர் குரல் கேட்காது. திரையில் மாறும் படங்களை ஓரக்கண்ணால் பார்த்தும், மூன்று வாரம் பழகிய பழக்கத்திலும் ஒரு இடத்தில்கூடப் பிசகாமல் கூடவே போனாள். காலையில் எழுந்ததும், தண்ணீர், கூடாது. டீ, கூடாது. ஒரு வாய்கூட, கூடாது. தினமும் சாப்பிடும் மாத்திரை, டாக்டரிடம் காட்டிக் கேள். மோதிரம், கழற்று. தாடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடுவில் அவர் ஒரு சந்தேகம் கேட்க, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் பதில் சொல்லிவிட்டு ஓடிப்போய் டாக்டரின் பேச்சை எட்டிப் பிடித்தாள். சளசளத்துக்கொண்டிருந்த கூடம் அடங்கிவிட்டது. பெரிய டாக்டரை யாரும் பார்க்கவில்லை.

தலைமை நர்ஸ் எப்போது வந்தாரோ, பதிவறை வாசலில் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "மூணு நாளா இதத் தாண்டித்தானே சார் போய்ட்டு வரேன்," என்றார் மெதுவாக. "எனக்கு ஏன் தோணல?"

"நான்தான் சிஸ்டர் அங்க வச்சேன்," என்றான் அவன். "வேணும்னேதான் வச்சேன்." வாய்விட்டுச் சொன்னதும் இன்னும் கேவலமாக இருந்தது.

எட்டாவது நிமிஷத்தின் கடைசியில் பெரிய டாக்டர் பேசி முடித்துவிட்டுக் கைகூப்பினார். அதற்குப் பிறகும் திரையில் சில நொடி ஓடும். மருத்துவமனைச் சின்னம் பெரிதாகி மறையும். அக்காவின் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே ஏறின. ஏறி அங்கேயே நின்றன. ஒரு கணம் பதிவறை வாசலைப் பார்த்தாள். பிறகு கையைத் தாழ்த்தி, தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டாள். களைத்துப்போய்விட்டாள் என்று அவன் நினைத்தான்.

ஆறு பேரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அவன் அவள் முன்னால் போய் நிற்பதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கடைக்கு நேரமாகிவிட்டது. வாசலைத் தாண்டும்போது ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

"நீ வீடியோ பாப்பியே, அந்த பிளேயர்லயே கன்வெர்ட் இருக்கு. முதல் மெனு, கீழ்லேர்ந்து நாலாவது. முழுசும் இலவசம். பெட்டியெல்லாம் ஒட்டாது. புதன்கிழமைக்கு முன்னாடி மாத்திடு, தாடிக்காரர் இன்னொரு தடவை பாக்கணும்."

அவ்வளவுதான். திட்டு இல்லை, 'அன்னிக்கே கேட்டேனே' இல்லை.

பதிவறைக்கு வந்து அந்த பிளேயரைத் திறந்தான். ஐந்து வருஷமாக அவன் கணினியில் இருப்பது. அழகில்லாத, பொத்தான்கள் பளபளக்காத, யாரையும் எதற்கும் கெஞ்சாத மென்பொருள். முதல் மெனுவைத் தட்டினான். கீழிருந்து நாலாவது வரியில் 'மாற்று / சேமி' என்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. நாலு நாள் இணையம் முழுக்க அலைந்து தேடியது, தேட ஆரம்பித்த இடத்திலேயே இருந்திருக்கிறது. பன்னிரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

மாறிவந்த கோப்பை இந்த முறை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பதென்று உட்கார்ந்தான். ஒலியை முழுக்க அணைத்தான். இதுவரை அந்த வீடியோவை எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறான், எல்லா முறையும் காதால். இப்போது வட்டத்தை மட்டும் பார்த்தான். தண்ணீர், கூடாது. டீ, கூடாது. எட்டு நிமிஷத்தில் ஏழெட்டுச் சொல் அவனுக்கே புரிந்தது.

டாக்டர் கைகூப்பினார். சின்னம் பெரிதாகத் தொடங்கியது. வட்டத்துக்குள் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கடைசி நொடிகள் அவளுக்கென்று விட்டவை போலிருக்கிறது. டாக்டரின் பேச்சில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். மோவாயிலிருந்து கையை முன்னால் நீட்டினாள். நன்றி, அது அவனுக்குத் தெரிந்த இருபதில் ஒன்று. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக் காட்டினாள், டாக்டருக்கு. தலையில் தொப்பி வைத்துக் காட்டினாள், நர்ஸுக்கு. அப்புறம் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, வலது கையால் இடது சுண்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

காலையில் அவள் கையைத் தாழ்த்திய இடம் அதுதான்.

அவன் அந்தப் பத்து நொடியை மறுபடி ஓட்டிப் பார்த்தான். பென்டிரைவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டு, ஓட ஆரம்பித்ததும் ஓரமாக நின்றான். முடியும்போது கூடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அக்கா சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அது யாருடைய பெயர் என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.